ஏழாம் கம்பு: சுவால்பார்ட் நாட்குறிப்பு

ஏப்ரல் 22

வட துருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் சுவால்பார்ட் தீவுகளில் உள்ள ஆய்வு ஊர் நி-ஓலெசுண்ட். இங்கே வந்து மூன்று நாள். சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டித்தான் தூக்கம். ஊரில் ரேடியோ தொலைநோக்கிகள் இருப்பதால் போனில் வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. தங்கல் ஹிமாத்ரியில், 2008-இல் இந்தியா தொடங்கிய நிலையம்.

நாளை வெஸ்ட்ரே பிரோகர்பிரேன் பனியாறு. மெல்ல நகரும் அந்த ஐஸ் பரப்பு கூடுகிறதா குறைகிறதா என்று வரவு செலவு பார்க்கத்தான் வந்திருக்கிறோம். குளிர்காலத்தில் சேர்ந்த பனி வரவு, கோடையில் கரைவது செலவு. வரவை இப்போது எழுதிவிட்டு, செலவை எழுத செப்டம்பரில் திரும்ப வர வேண்டும்.

ஏப்ரல் 23

கரடிக் காவலுக்கு ஒருவர் துப்பாக்கியோடு நிற்க, மற்ற இருவரும் நீளக் கம்பியைப் பனியில் குத்தி ஆழம் பார்த்தோம். 'டக்' என்று நின்றால் அடியில் ஐஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். 34 இடங்கள். ஒரே நாளில் முடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

ஏப்ரல் 24

பெருமை போச்சு. ஐஸ் கரைவதை அளக்கப் பனியாற்றில் நட்ட கம்புகளில் ஏழாவதன் அருகே, அடர்த்தி பார்க்கக் குழி தோண்டினோம். 85 செ.மீ. ஆழத்தில் கண்ணாடி மாதிரி ஓர் ஐஸ் தகடு, இரண்டு விரல் கனம். குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்து உறைந்தது. நேற்று 'டக்' என்றது இதில்தான்! தகட்டை உடைத்தால் கீழே இன்னும் 35 செ.மீ. பனி, சர்க்கரை போல உதிர்கிறது. அதற்கும் அடியில்தான் பழைய ஐஸ், சாம்பல் நிறத்தில். நோட்டில் 34 எண்களையும் அடித்தேன்.

ஏப்ரல் 25

மறுபடி 34 இடம். தோள்பட்டை கழன்றே விட்டது.

நமக்கு மார்கழிப் பனியும் பனி, இதுவும் பனி. கணக்குக்கு அது சரிப்படாது. குழியில் அடுக்கடுக்காக எடுத்து எடை போட்டதில் இந்தப் பனி கன மீட்டருக்குச் சராசரி 400 கிலோ. ஐஸ் என்றால் சுமார் 900. அதனால் எல்லாவற்றையும் தண்ணீராக மாற்றித்தான் எழுதுவோம். 120 செ.மீ. பனி, 48 செ.மீ. தண்ணீர். ஏழாம் கம்பில் வரவு 48.

செப்டம்பர் 12

பனிவண்டி ஓடாது, நடைதான். ஐஸ் மேலெல்லாம் ஓடைகள்.

ஏழாம் கம்பு என்பது ஐஸைத் துளைத்து ஆழமாக இறக்கிய அலுமினியக் குழாய். போன செப்டம்பரில் 80 செ.மீ. வெளியே தெரிந்தது. இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது. டேப்பை இரண்டு முறை பிடித்தேன்: 210. ஏப்ரலில் அத்தனை பாடுபட்டு அளந்த பனி முழுக்கப் போய், அதற்கு அடியில் 130 செ.மீ. ஐஸும் போயிருக்கிறது. தண்ணீராக 117. கோடைச் செலவு மொத்தம் 165. கையிருப்பில் 117 குறைவு.

செப்டம்பர் 13

மேலே உள்ள கம்புகளில் இழப்பு குறைவு. ஒவ்வொரு உயரத்திலும் பனியாற்றின் பரப்பு எவ்வளவு என்று பெருக்கிக் கூட்டினால்தான் மொத்தக் கணக்கு வரும்.

பக்கத்துப் பனியாறு ஆஸ்ட்ரே பிரோகர்பிரேனில் நார்வேக்காரர்கள் 1967-இலிருந்து இப்படியே அளக்கிறார்கள். ஐஸ் கூடிய ஆண்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கிரீன்லாந்து அளவுக்குப் போனால் கம்பு நட்டு மாளாது. அங்கே கிரேஸ் செயற்கைக்கோள் ஜோடி 2002 முதல் 2017 வரை புவியீர்ப்பு மாறுவதைப் பார்த்தே ஐஸை எடை போட்டது. 2018-இலிருந்து அடுத்த ஜோடி. நம்முடையது தரையிலேயே முடிகிற பனியாறு, அதனால் பிழைத்தோம். குரோனெபிரேன் பனியாறு மாதிரி கடலில் உடைந்து விழுந்தால், அந்தச் செலவு எந்தக் கம்பிலும் தெரியாது.

ஏழாம் கம்பைப் புதிதாக இறக்கினோம். வெளியே 60 செ.மீ. ஏப்ரலில் வேறு யாரோ வருகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: 'டக்கென்று நின்றால் நம்பாதீங்க, இன்னும் ஓங்கிக் குத்துங்க.'