அண்ணாந்து பார்க்க லியேஜ், காத்திருக்க ராட்டர்டாம்

பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் ரயிலிலேயே சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் உத்தேசம். ஆனால் ரயில் நிலையங்களைப் பற்றி நானும் நண்பரும் வழிநெடுகப் போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

சண்டை மூண்டது பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பிரதான நிலையத்தில். ஸ்பெயினைச் சேர்ந்த சான்டியாகோ கலட்ராவா வடிவமைத்தது, 2009-இல் திறக்கப்பட்டது. முகப்புச் சுவர் என்று ஒன்றே கிடையாது. 160 மீட்டர் நீளத்துக்கு, 32 மீட்டர் உயரத்தில், வெள்ளை எஃகும் கண்ணாடியுமாக ஒரு மாபெரும் வளைவு. அதன் கீழே பிளாட்பாரங்கள், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப்போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எஃகுக் கோடுகள் கண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன.

அப்போதுதான் எங்கள் ரயில் தாமதம் என்று பலகையில் விழுந்தது. வெளியே மழை. கூரை அத்தனை உயரத்தில் இருக்க, பக்கங்களெல்லாம் திறந்து கிடக்க, காற்று தடையே இல்லாமல் புகுந்து வந்தது. கழுத்துத்துணியைக் காதுவரை இழுத்து மூடியும் நடுக்கம் நிற்கவில்லை. ஒதுங்குவதற்காகவே ஒரு கடைக்குள் போய், குடிக்கத் தோன்றாத காபிக்கு அநியாய விலை கொடுத்தோம். அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி அங்கேயே போயிற்று. குளிர் தாங்க உதவாத கட்டடத்துக்குச் சுமார் 31 கோடி யூரோ எதற்கு என்று கேட்டேன்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நிலக்கரியும் எஃகுத் தொழிலும் நலிந்துபோன ஊர் இது. இங்கே இறங்குகிறவன் நிமிர்ந்து பார்க்க ஒன்று வேண்டும், அந்தப் பெருமைக்கு விலை பேசக்கூடாது என்றார். பக்கத்தில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரும் எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். வெளியூர்க்காரர்கள் கேமராவும் கையுமாக இங்கே இறங்குவது அவருக்குப் பெருமைதானாம். ஆனால் குளிர்காலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவாராம். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது அதே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப். அந்த ஊர் நிலையத்தில் எல்லோரும் படம் எடுப்பது 1905-இல் திறந்த பழைய கல் மண்டபத்தை. இன்றைய கட்டடக் கலைஞர்களுக்கு இப்படி ஒன்று கட்ட வருமா என்று நண்பரே கட்சி மாறிக் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நிலையத்தின் உண்மையான சாதனை காலுக்கு அடியில் இருக்கிறது. முன்பெல்லாம் இங்கே வந்து நின்ற ரயில் வந்த வழியே திரும்பித்தான் போக வேண்டும். 1998-இல் தொடங்கி 2007-க்குள் பழைய மண்டபத்தைக் காப்பாற்றிக்கொண்டே கீழே தோண்டி, நகரத்துக்கு அடியில் சுரங்கம் போட்டுவிட்டார்கள். இப்போது மேலே 6 தடங்கள், நடுவே 4, அடித்தளத்தில் நகரைக் கடந்து செல்லும் 4. தளங்களின் நடுவே பெரிய திறப்பு விட்டிருப்பதால், அடித்தளத்தில் இறங்கியவர் நிமிர்ந்தால் பழைய இரும்புக் கூரையின் வெளிச்சம் தெரிகிறது. நகரும் படியில் ஏறும்போது கான்கிரீட் விலகி, இரும்பும் கண்ணாடியும் வந்து, கடைசியில் கல் மண்டபம் திறக்கிறது. நூறாண்டு இடைவெளி கொண்ட இரண்டு காலங்களை இவ்வளவு மரியாதையாகச் சேர்த்து வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நண்பர் தோற்றார். நான் அப்படித்தான் சொல்வேன். 2014-இல் திறந்த புது நிலையம். நகர மையத்தை நோக்கிக் கூர்ந்து நீளும் எஃகுக் கூரை. ஊர்க்காரர்கள் அதைக் கப்சலோன் நிலையம் என்று கேலி செய்கிறார்கள். கப்சலோன் அந்த ஊரில் பிறந்த உணவு. அலுமினியத் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் இறைச்சி, உருகிய சீஸ், கடைசியில் பச்சைக் காய்கறி. ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்தோம். முழுப் பயணத்திலும் கொடுத்த காசுக்கு நிறைவாகச் சாப்பிட்டது அதுதான். விரலெல்லாம் பூண்டுச் சாறு.

கேலி இருக்கட்டும், இந்த நிலையம் ஆளைப் பார்த்துக் கட்டியது. உள்கூரையில் மரம் பதித்திருக்கிறார்கள். அத்தனை பெரிய கூடம் அதனாலேயே இதமாக இருக்கிறது. தடங்கள் அனைத்தையும் மூடிய கண்ணாடிக் கூரையில் 1,30,000 சூரியமின் செல்கள். எங்கள் மேல் ஒரு சொட்டு மழை படவில்லை. இடித்த 1957-ஆம் ஆண்டு நிலையத்தின் பெயர் எழுத்துகளையும் கடிகாரத்தையும் எடுத்துவந்து புது முகப்பில் பொருத்தியிருக்கிறார்கள். குடியிருப்புகளை ஒட்டிய வடக்கு வாசலோ அடக்கமாக, தாழ்வாக நிற்கிறது. ஊருக்கு ஒரு முகம், அண்டை வீட்டாருக்கு ஒரு முகம் என்று யோசித்துக் கட்டியவர்களை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

நண்பர் இன்னும் லியேஜ் பக்கம்தான். நீங்கள் போவதாக இருந்தால் லியேஜில் ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் இடையில் இறங்கிப் பாருங்கள், கனமான கோட்டு அவசியம். ஆண்ட்வெர்ப்பில் மேல்தளத்தில் இறங்கினாலும், வெளியேறுவதற்கு முன் அடித்தளம்வரை போய்விட்டு நகரும் படியில் ஏறி வாருங்கள்.