அம்மாவின் கை பட்ட இடங்கள்

மார்ச் 3, திங்கள்

அம்மா விழவில்லை. வீட்டை மாற்றியமைக்கப் போகிறோம் என்றதும் "எங்கே விழுந்தார்?" என்றே எல்லோரும் தொடங்குவதால், இதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுபத்தொன்பது வயதாகிறது, முழங்கால் வலி உண்டு, கண்ணில் புரை நீக்கிய அறுவை முடிந்திருக்கிறது, மற்றபடி தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கும்போது, வீடு திரும்பும் நாளுக்குள் அரைகுறையாகக் குளியலறையை இடித்துக் கட்டிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த அவசரம் நமக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "என் வீட்டை ஆஸ்பத்திரி வார்டாக ஆக்காமல் இருந்தால் சரி" என்றார்.

மார்ச் 5, புதன்

அளவு நாடாவோடு வீடு முழுக்க நடந்தேன். குளியலறைக் கதவின் திறப்பு 66 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி சிரமமின்றி நுழைய 81 வேண்டும். அதைவிடக் கவலை தருவது, கதவு உள்நோக்கித் திறப்பது. உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு ஒட்டிக் கிடந்தால், உதவிக்கு ஓடி வருபவர் தள்ளும் ஒவ்வொரு தள்ளலும் விழுந்தவர் உடம்பின் மேல்தான் விழும். கதவு நிலையை அகலப்படுத்தி, கதவை வெளியே திறக்கும்படி மாட்ட முடிவு செய்தோம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

கழிப்பறை இருக்கையின் உயரம் 38. முதியோருக்கு 43 முதல் 48 வரை என்று படித்திருந்ததால், 48 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நாற்காலியில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "வீட்டை அளந்தாய், என்னை அளக்கவில்லையே" என்றார். உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்தேன்: 40 சென்டிமீட்டர். நான் எழுதிய 48-இல் உட்கார்ந்தால் அவர் பாதம் தரையில் படாது. எழுந்திருக்க ஊன்றவும் வழியில்லை. 43 என்று திருத்தினேன்.

மார்ச் 11, செவ்வாய்

கைப்பிடிக் கம்பிகளை எங்கே பொருத்துவது என்று இரண்டு நாட்களாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். கிடைமட்டக் கம்பி என்றால் தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் என்பது வழக்கமான அளவு. ஆனால் எந்தச் சுவரில், எந்தப் பக்கம்?

இன்று காலை வெயில் சாய்ந்து விழுந்த நேரத்தில் குளியலறையின் நிலைக்காலைப் பார்த்தேன். வெள்ளைச் சாயத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, நடுவில் எண்ணெய் தேய்த்தாற்போல மினுமினுப்பு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஆண்டுக்கணக்காக அம்மா உள்ளே கால் வைக்கும்போதெல்லாம் கை ஊன்றிய இடம் அது. பிறகு கண் பழகிவிட்டது: கட்டிலுக்கு அருகில் சுவர் மூலையில் ஒன்று, கைகழுவும் தொட்டியின் விளிம்பை ஒட்டி ஒன்று, சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் மங்கலாக ஒன்று. துண்டு போடும் கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதற்கு ஆணி தளர்ந்ததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதைப் பிடித்துத்தான் அவர் எழுந்திருக்கிறார். ஈரத்துணியைத் தாங்கச் செய்த கம்பி அது.

ஒவ்வொரு கறையையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். சாயம் பூசும் வேலையை முதலில் முடித்திருந்தால் இவை அத்தனையும் மறைந்திருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

கம்பி பொருத்த வந்தவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார், அவ்வளவு விரைவில் முடிந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் போவதற்குள் என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன். இரண்டாவது கம்பி, சுவரில் பதித்த ஓட்டின் ஒரு துண்டோடு என் கையில் வந்துவிட்டது. சுவர்ப்பூச்சு அளவுக்கே துளையிட்டு, பிளாஸ்டிக் முளையைச் செருகி, திருகாணியை முறுக்கியிருக்கிறார். அம்மா அதை நம்பி எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வெகுநேரம் கோபம் அடங்கவில்லை. இருக்கும் பிடிமானத்தை விட்டுவிட்டு, இல்லாத பிடிமானத்தை நோக்கிக் கை நீட்ட வைப்பது வெறும் சுவரை விட மோசம். காற்றழுத்தத்தில் ஓட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை நானே ஒரு காலத்தில் வாங்க நினைத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். செங்கல் சுவரில் பூச்சைக் கடந்து ஆழமாக, உள்ளே விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட். உள்ளே வெற்றிடமுள்ள கல் வைத்த ஒரு சுவரில் மட்டும் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து ஊடுருவிய போல்ட். நல்ல கம்பி 113 கிலோவைத் தாங்க வேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்: விரல்கள் வளைந்து பிடிக்க அது போதும், வழுக்கினால் முழங்கை வரை உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளவும் இடம் தராது. நிலைக்காலில் செங்குத்தாக ஒன்று, இருக்கையின் பக்கவாட்டில் கிடையாக ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. எல்லாம் பென்சில் வட்டங்களின் மேலேயே.

மார்ச் 21, வெள்ளி

தரை முடிந்தது. குளிக்கும் இடத்தைச் சுற்றியிருந்த தடுப்புக்கட்டையை எடுத்துவிட்டால் தண்ணீர் வெளியே வரும் என்று மேஸ்திரி தயங்கினார். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, சுவரோரம் நீளமான வடிகால் வைத்ததும் அவருக்கே மனம் நிறைந்துவிட்டது. பளபளப்பில்லாத ஓடு. வெள்ளைத் தரையில் வெள்ளை இருக்கை அம்மாவுக்குத் தனியாகத் தெரிவதில்லை என்பதால் தரை அடர்சாம்பல் நிறம். வாட்டர் ஹீட்டரை 49 டிகிரியில் நிறுத்தியாயிற்று. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும், கையை இழுத்துக்கொள்ளும் வேகம் வயதில் குறைகிறது.

மார்ச் 27, வியாழன்

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகித் தடிக்கிறது. இதைப் படித்துவிட்டு நடைவழியில் மிகப் பிரகாசமான விளக்கைப் போட்டேன். அம்மா கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்தார். ஒளி அதிகம் வேண்டும், ஆனால் கூசக்கூடாது. அதைக் கழற்றிவிட்டு, மூடியிட்ட மென்மையான விளக்குகள் மூன்று வைத்தோம். கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையோரம், ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகள்.

ஏப்ரல் 2, புதன்

நல்ல எண்ணத்தில் செய்த தவறு ஒன்று. வழி அகலமாக இருக்கட்டும் என்று படுக்கையறை அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியிருந்தேன். நேற்றிரவு சிறு விளக்கு எரிவதற்கு முன்பே அம்மா பழக்கத்தில் திரும்பி, அதன் விளிம்பில் மேற்கையை மோதிக்கொண்டார். கன்றிப்போயிருக்கிறது. "பல்லாண்டுகளாக இருட்டில் நடந்து நடந்து என் கால் மனப்பாடம் செய்த அறையை, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் மாற்றிவிட்டாயே" என்றார். அலமாரி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 9, புதன்

முன்வாசலில் மூன்று படிகள், மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம். சாய்தளம் அமைத்தால் 1-க்கு 12 என்ற கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும், அவ்வளவு இடமில்லை. சரிவு மிகுந்த சாய்தளம் ஒன்றை வைத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதைவிட வைக்காமல் இருப்பதே மேல். அளந்தபோதுதான், மேலே உள்ள படி மற்ற இரண்டையும் விட 2 சென்டிமீட்டர் உயரம் என்பது தெரிந்தது. வருகிற விருந்தினர் பாதிப் பேர் அங்கே தடுக்குவதை அவர்களுடைய கவனக்குறைவு என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். படிகளைச் சமமாக்கி, விளிம்புகளில் மாறுபட்ட நிறக்கோடு இட்டு, இரு பக்கமும் கைப்பிடி வைத்து, கடைசிப் படியைத் தாண்டி 30 சென்டிமீட்டர் நீட்டச் சொன்னேன். தரை வந்துவிட்டது என்று கால் தவறாக எண்ணுவது அங்கேதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாயம் பூசி ஒரு வாரமாகிறது. அம்மா கம்பிகளைப் பிடிப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, பிடிக்கிறார். இன்று நடைவழியைத் துடைக்கும்போது, சமையலறைக்குத் திரும்பும் மூலையில் புதுச் சாயத்தின் மேல் நான்கு விரல்களின் மங்கலான தடம் தெரிந்தது. அங்கே பழைய கறை மெலிதாக இருந்ததால் கம்பி தேவையில்லை என்று நானே விட்டுவிட்ட இடம். பென்சிலை எடுத்து வட்டம் போட்டுவிட்டு மேஸ்திரியை அழைத்தேன், வியாழக்கிழமை வருகிறார்.