ஏலத்தோட்டத்துக்கு ஒரு பழைய ஜீப்: நான்கு மாதத் தேடல்

வீடு போடியில், தோட்டம் கேரளத்துப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எந்த வண்டியும் ஏறிவிடும். தார் ரோடு முடிந்தபிறகு வரும் ஒன்றரை கிலோமீட்டர்தான் வேறு கதை. முதலில் பாறைப் படிகள், பிறகு வழுக்கும் செம்மண் சரிவு, நடுவில் ஓர் ஓடை, கடைசியில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஏறும் செங்குத்தான திருப்பம். இத்தனை வருடமும் வாடகை ஜீப்பில்தான் காலம் ஓடியது. பறிப்புக் காலத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஜீப்புகளெல்லாம் விடியற்காலையிலேயே ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடும். சாயங்காலம் நமக்கு லோடு இருக்கிறது என்றால் வண்டி கிடைக்காது. பச்சை ஏலக்காயைப் பறித்த கையோடு ஸ்டோரில் ஏற்றினால்தான் பச்சை நிறம் நிற்கும். ஒரு ராத்திரி சாக்கிலேயே கிடந்தால் நிறம் மங்கும், ஏலம் விடும்போது விலையும் இறங்கும். போன சீசனில் இரண்டு முறை அப்படி ஆனது. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து தேட ஆரம்பித்தேன். முதலில் மனசில் இருந்தது மாருதி ஜிப்ஸிதான். ஒரு டன்னுக்கும் குறைவான எடை. சேற்றில் கனமான வண்டிகள் புதையும் இடத்தில் மேலாகவே போய்விடும். 1985 கடைசியில் வந்த வண்டி. 1996-க்குப் பிறகு வந்தவற்றில் 1298 சிசி எஞ்சின். தெரிந்தவர் ஒருவரின் ஜிப்ஸியை வாங்கி எங்கள் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தேன். காலி வண்டியாக ஆடு மாதிரி ஏறியது. ஆறு மூட்டை உரம் ஏற்றியதும் குணம் மாறிவிட்டது. அந்த எஞ்சினின் முழு இழுவை நிமிடத்துக்கு 4500 சுற்றில்தான் வரும். பாறைப்படியில் மெதுவாகச் சக்கரத்தை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருந்தது. நல்ல வண்டிதான், சுமை இல்லாதவர்களுக்கு.

மகிந்திராவின் பழைய தார் ஜீப்பையும் யோசித்தேன். 2010-ல் வந்த முதல் தலைமுறையில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் 2498 சிசி காமன் ரயில் எஞ்சின், 105 குதிரைத்திறன். இழுவைக்குக் குறையே இல்லை. ஆனால் பூப்பாறையில் எங்களுக்குக் கைகொடுக்கும் பட்டறையில் ஸ்கேனர் கிடையாது. சென்சார் ஒன்று போனால் மலையிறங்க வேண்டும், அதுவும் கட்டியிழுத்து. அங்கே இருக்கிற மெக்கானிக் தம்பியிடமே கேட்டேன். "அண்ணே, பழைய டீசல் ஜீப்பா எடுங்க. ஸ்டார்ட் ஆயிட்டா அதுக்கு கரண்டே வேணாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஓடையில நின்னாலும் ஸ்பானரோட நான் வந்துருவேன்" என்றான். அந்தப் பேச்சோடு முடிவாகிவிட்டது. ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்குக் கைவந்த வண்டிதான் எனக்கும் வேண்டியது.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது மகிந்திராவின் பழைய ஜீப் குடும்பம். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை. அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸிஸ்), அதன்மேல் போல்ட் போட்ட பாடி, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இரண்டு கெட்டியான ஆக்ஸில். எங்கள் ஊரில் ஓடுபவற்றில் எஞ்சின் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் எஞ்சின், எம்எம் 540 மாடலில் வரும் 2112 சிசி. சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. காலைக் குளிரில் மட்டும் ஹீட்டர் பிளக் சூடேறக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஐ, மேஜர், கமாண்டர் மாடல்களில் வரும் 2523 சிசி. கடகடவென்று உடம்பை உலுக்கும். டீசல் குறைவாகக் குடிக்கும், கீழ் சுற்றிலேயே இழுக்கும். எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் இதற்கும் பாதிப்பேர் அதற்கும் சத்தியம் செய்வார்கள். எஞ்சின் எது என்பதை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளினேன். எஞ்சினை இறக்கி வேலை பார்த்து ஏற்றிவிடலாம். சட்டம் வெடித்திருந்தாலும் காகிதம் கோணலாக இருந்தாலும் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

பிப்ரவரியில் கம்பத்தில் ஒரு மேஜர். புதுப் பச்சைப் பெயின்ட், அகல டயர், முன்னால் நான்கு விளக்கு. கூட வந்த மெக்கானிக் தம்பி அதையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். பின்பட்டை மாட்டும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நிறுத்தி, "அண்ணே, காதைக் குடுங்க" என்றான். அதுவரை 'டங் டங்' என்றிருந்த ஓசை அங்கே மட்டும் 'டொப்' என்று செத்திருந்தது. முனையை அழுத்தினான், பெயின்ட் பொரிந்து, பட்டி உதிர்ந்து, அடியில் பிஸ்கட் போலத் துரு. உள்ளே கைவிரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் கோடு. ஆள் ஏற்றி ஓடிய வண்டிகளில் எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் போயிருப்பார்கள். அந்தச் சுமை முழுவதும் பட்டை மாட்டும் இடத்தில்தான் வந்து இறங்கும். சட்டம் முதலில் வெடிப்பதும் அங்கேதான். மழைநாட்டு ஈரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நெடுங்கண்டத்தில் அடுத்தது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது, குட்டையாக, கச்சிதமாக. புரோக்கர் சேட்டன், "ஒண்ணும் பேடிக்கண்டா அண்ணாச்சி, தைரியமாயிட்டு எடுத்தோ" என்றார். ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் நீள வண்டி. கமாண்டரின் சட்டத்தை நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி தவறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டியில், நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் ஃபோர் வீல் பெட்டியை மாட்டி விற்பதும் இதே கணக்குத்தான். திரும்பி வந்துவிட்டோம்.

மூன்றாவது குமுளிப் பக்கம், ஒரு டிஐ ஜீப். சட்டம் சுத்தம், காகிதம் சுத்தம், விலையும் கட்டுப்படி. அட்வான்ஸ் கொடுக்கும் மனநிலைக்கே வந்துவிட்டேன். கடைசியாக ஒரு இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றான் தம்பி. ஃபோர் வீல் போட்டு, வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோவில் தள்ளி, முதல் கியரில் இறங்கினேன். பாதி இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கையருகே 'டக்' என்று ஒரு சத்தம். லோ லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்து நின்றது. அதுவரை எஞ்சின் பிடித்து வைத்திருந்த வண்டி ஒரே நொடியில் கையை விட்டு ஓடத் தொடங்கியது. பிரேக்கை முழுசாக மிதித்து வரப்பில் முட்டவிட்டு நிறுத்தினேன். தொடை நடுங்கியது. முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் கியர் பல்லும் அதைப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால் இப்படித் துள்ளிவிடும். ஏறும்போது தெரியாது; இறக்கத்தில் காலை எடுக்கும்போதுதான், சுமை எதிர்ப்பக்கம் மாறுகிற நேரத்தில் வெளியே வரும். பழைய ஃபோர் வீல் வாங்குபவர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடுங்கள். நல்ல அகலமான, ஆளில்லாத இறக்கமாகப் பார்த்து, அடியில் ஏற்றம் இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

ஏப்ரலில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டக்காரர் வீட்டில் 1994 எம்எம் 540 இருப்பதாகத் தகவல் வந்தது. கேஎல் 6, அதாவது இடுக்கிப் பதிவு, ஒரே ஓனர். பெயின்ட் என்று சொல்ல ஒன்றுமில்லை. தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. டிரைவர் பக்கத் தரைத்தகடு ஓட்டையாகி ரோடு தெரிந்தது. முதல்நாளே போன் செய்து, "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்" என்று கேட்டிருந்தோம். சூடாக இருக்கும் டீசல் எஞ்சின் எப்படிப்பட்டதும் ஸ்டார்ட் ஆகும். காலை ஆறரைக்குப் போய் பானெட்டில் கை வைத்தால் பனி ஈரம். ஹீட்டர் போட்டு இருபது எண்ணிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, ஒரு நிமிடத்தில் அடங்கியது. நீலப்புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தான் தம்பி. லேசான ஆவி, அவ்வளவுதான். குபுகுபுவென்று வந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின்.

ஃபோர் வீலுக்கு ஒரு சோதனை. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, டூ வீலில் வைத்து, கையால் சுற்றினோம். அடியில் முன் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் கூடவே சுற்றியது. ஹப், உள் ஷாஃப்ட், ஆக்ஸில் ஹௌசிங்குக்குள் இருக்கும் கியர் பல் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பிறகு அவர்கள் தோட்டத்து இறக்கத்திலேயே மூன்று தடவை லோவில் இறங்கினேன். லீவரை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். அசையவில்லை. சட்டத்தில் ஒரே ஒரு வெல்டிங், கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச்சட்டத்தில், ஒழுங்காகத் தகடு வைத்துச் செய்தது. சட்டத்து நம்பரைச் சுரண்டிச் சுத்தம்செய்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டேன்.

1,90,000 ரூபாய்க்கு முடிந்தது. தோட்டத்து வீட்டு முகவரி அங்கேயே இருப்பதால் தமிழ்நாட்டுக்கு மாற்றவில்லை. 29, 30 படிவங்களோடு பெயர் மட்டும் மாற்றினேன். பதிவு 2028 வரை இருக்கிறது. தேனிப் பதிவான டிஎன் 60-க்குக் கொண்டுவர நினைப்பவர்கள் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போதே அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 20 வயது தாண்டிய இலகுரக வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியதும் கணக்கில் இருக்கட்டும்.

மே மாதம் முழுக்கப் பட்டறையில். பெயின்டைத் தொடவேயில்லை. தரைத்தகடு, பிரேக் வீல் சிலிண்டர்கள், எல்லாப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் மூட்டும், ஹோஸ்களும் புதிது. ஆயில்கள் எல்லாவற்றையும் மாற்றும்போது முன் ஹௌசிங்கிலிருந்து வடிந்தது ஆயில் மாதிரியே இல்லை, மோர் மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. ஹௌசிங்கின் தலையில் ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கும். அது மண் அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஹௌசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுத்துளை அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துளையைக் குத்திச் சுத்தம்செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம். செலவு நூறு ரூபாய்கூட இல்லை. டயர் பழைய அளவே, 6.00-16, ஒல்லியான பட்டன் டயர். அகல டயர் அழகுதான். எங்கள் செம்மண்ணில் ஒல்லி டயர்தான் மேல்சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். பவர் இல்லாத ஸ்டியரிங்குக்கும் அதுதான் இதம்.

ஜூன் இரண்டாம் வாரம், நல்ல மழை. எட்டு மூட்டை உரம், மேலே மருந்து டிரம், இரண்டு பேர். ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியது. கரையிலேயே லோ போட்டுக்கொண்டேன். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் ஸ்டியரிங் முறுக்கிக்கொள்ளும், பல்லுக்கும் கேடு. மண் தொட்ட பிறகுதான் போட வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டேன். கல் கல்லாக எடுத்து வைத்து, அந்தக் கரையில் மூக்கைத் தூக்கியது. ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே நூறு அடி போனேன், டிரம்மில் தண்ணீர் காய. ஸ்டோருக்கு ஏறும் திருப்பத்தில் ஒரு தடவை பின்சக்கரம் வழுக்கியது, முன்சக்கரம் இழுத்துவிட்டது. மேலே நிறுத்தி இறங்கியதும் அம்மா வந்து பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "பரவால்லப்பா, வேலைக்காரி மாதிரி இருக்கா" என்றது.

ஸ்டியரிங்கில் நான்கு விரல் ஆட்டம் இன்னும் இருக்கிறது. டை ராட் முனைகளை மாற்றியாயிற்று. முன்சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங்தான் காரணம் என்கிறான் தம்பி. தேனியில் சொல்லி வைத்திருக்கிறது. வந்ததும் ஒரு நாள் வண்டியை நிறுத்தி அதையும் பார்த்துவிட வேண்டும், ஆகஸ்டில் பறிப்பு மும்முரமாவதற்குள்.