கியூப்சாட் சோலார் செல்: உச்சத்திறன் ஏன் நழுவுகிறது?

10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரச் சிறு செயற்கைக்கோளான கியூப்சாட்டின் ஒரு முகத்தில் சுமார் 30 ச.செ.மீ. பரப்புள்ள மூன்றடுக்கு காலியம் ஆர்சனைடு செல் இரண்டுதான் கொள்ளும். வெயில் நேராக விழுந்தால் இரண்டும் சேர்ந்து 2.3 வாட் அளவில் தரும், அவ்வளவே.

25 டிகிரியில் ஒரு செல்லின் உச்சத்திறன் ஏறக்குறைய 2.4 வோல்ட்டில் இருக்கும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 6 மில்லிவோல்ட் இறங்கும். தொடராக இணைத்த இரண்டு செல்லுக்கு 70 டிகிரியில் 4.3 வோல்ட், பூமியின் நிழலிலிருந்து −40 டிகிரியில் வெளிவரும்போது 5.6 வோல்ட். ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்திவைத்தால் இழப்பு நிச்சயம். அந்தக் குளிரில் சுமை இல்லாவிட்டால் 6.2 வோல்ட் வரை ஏறும், 5.5 வோல்ட் மட்டுமே தாங்கும் சார்ஜர் சிப் அங்கேயே போய்விடும். அறை வெப்பநிலைச் சோதனையில் இது தெரியவே தெரியாது.

எதிரெதிர் முகங்கள் ஒரே நேரத்தில் வெயில் பார்ப்பதில்லை. ஆகவே எதிரெதிர் முக ஜோடிக்கு, செல்லின் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். வெயில் படும் முகத்தின் மின்னோட்டம் இருண்ட முகத்துக்குள் பாயாமல் இருக்கத் தடுப்பு டயோடு அவசியம். ஷாட்கி டயோடு 0.3 வோல்ட் தின்னும், அதாவது 6 சதவீதம். அதற்குப் பதில் சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் வைப்பதே மேல்.

செயற்கைக்கோள் சுழன்றால், மின்னழுத்தத்தைச் சற்று அசைத்துப் பார்த்து உச்சத்திறனைத் தேடும் முறை தடுமாறும்: திறன் மாறியது அசைத்ததாலா, வெயில் கோணம் மாறியதாலா என்று அதற்குப் புரியாது. செல்லை ஒரு கணம் துண்டித்து, திறந்தசுற்று மின்னழுத்தத்தை (சுமை இல்லாதபோது இருப்பதை) அளந்து, அதில் 0.88 மடங்கில் நிறுத்துவது துல்லியம் குறைந்தாலும் நம்பகமானது.

லித்தியம் அயன் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்யாமல், அந்தத் திறனை ஹீட்டருக்குக் கொடுங்கள்.