388க்கு 1

ஜூன் 3
மூன்று அடைப்பு. பைபாஸ்தான் வழி என்கிறார்கள். அப்பா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 4
அத்தை, சித்தப்பா, பெரிய டாக்டர், பக்கத்துக் கட்டில்காரர், எல்லோரும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். அதுதான் என் பயமே. எல்லோரும் ஒரு பக்கம் நின்றால் அப்பாவின் கால் தானாக மறுபக்கம் நகரும்.

ஜூன் 5
தூக்கமில்லை. அந்தப் படிக்கட்டு ஞாபகம்தான். வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எங்கள் குடியிருப்பில் தீர்மானம் போட்டார்கள். 46 கை ஆதரவு. எதிர்த்து ஒன்று, அப்பாவுடையது. மறுநாளிலிருந்து அவர் லிஃப்டைத் தொடவில்லை. 72 வயதில் நான்கு மாடி. "நீங்க ஏம்ப்பா ஏறுறீங்க?" என்று பாத்திரம் தேய்க்கும் அக்கா கெஞ்சுவார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் உள்ளங்கையை ஊன்றி மூச்சு வாங்குவார் அப்பா. அந்த இடத்தில் வெள்ளையடித்தது தேய்ந்து, ஒரு கை அளவுக்கு அழுக்கு படிந்திருக்கிறது. வயசாகிவிட்டது, அதனால் இரைக்கிறது என்று நினைத்தேனே.

ஜூன் 6
மழை. ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 7
இன்று தெம்பாக இருந்தார். நர்ஸிடம் ஜெனட் ராங்கின் கதை. எனக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன அதே கதை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். 1917-இல் போர் வேண்டாம் என்ற 50 பேரில் ஒருவர். 1941-இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், ஜப்பான் மீது போர் தொடுக்க 388 பேர் சரி என்றார்கள். இல்லை என்றது அவர் மட்டும். ஆத்திரப்பட்ட கூட்டத்துக்குப் பயந்து டெலிபோன் பூத்துக்குள் புகுந்துகொண்டார். அப்பா எப்போதும் இங்கேயே நிறுத்திவிடுவார். உன் மாநிலம் மொன்டானா முழுக்க உனக்கு எதிராக இருக்கிறது என்று ராங்கினுக்குச் சொன்னது அவருடைய சொந்தத் தம்பி. முன்பு அந்தத் தம்பிமேல் கோபம் வரும். இன்று வரவில்லை.

ஜூன் 8
டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். படியேறியதால் அடைப்பு வராது, சர்க்கரையும் கொழுப்பும் வருஷக்கணக்கில் செய்த வேலை என்றார். நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சுவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூன் 9
சண்டை போட்டுவிட்டேன். "ஊரே சொல்லுதுன்னு நான் சொல்லலப்பா. நான் ஒருத்தி கேக்குறேன்." வெகுநேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவங்கள லிஃப்டுல விட்டாங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

ஜூன் 10
அக்கா பார்க்க வந்தார். "இங்க லிஃப்டுலதான் வந்தேம்ப்பா" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

ஜூன் 11
காலை 6.40. ஒப்புதல் படிவம் மடியில். ஊசி ஏற்றிய கை வீங்கியிருப்பதால் இடது கையில் பேனா. வரி வரியாகப் படிக்கிறார். மூன்றாம் பக்கத்தில் எதையோ அடித்தார். டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறார்.