மோரிஸ் மைனர்: அழுத்தி மிதித்தால் மட்டும் எரியும் பிரேக் லைட்

வண்டி மோரிஸ் மைனர் 1000, பழைய பிரிட்டிஷ் கார். நாலு வீலிலும் டிரம் பிரேக், 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும்). லேசாக மிதித்தால் பிரேக் லைட் எரிவதில்லை. முழு பலத்தோடு மிதித்தால் மங்கலாகச் சிவக்கிறது.

இதில் சுவிட்ச் பெடலோடு சேர்ந்தது இல்லை. பிரேக் குழாய் கிளை பிரியும் பித்தளை யூனியனில் திருகியிருக்கும். ஆயில் அழுத்தம் ஏறியதும் உள்ளே இருக்கும் டையஃபிரம் ஒரு செம்புத் தகட்டைத் தள்ளி இரண்டு முனைகளையும் சேர்க்கும். அதனால் பிரேக் ஷூ தளர்ந்து பெடல் ஆழமாக இறங்கினாலும், லைனில் காற்று இருந்தாலும், அழுத்தம் தாமதமாகத்தான் ஏறும், லைட்டும் தாமதமாகத்தான் வரும். எனவே முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்து பார்த்தாயிற்று. பெடல் மேலேயே நின்றது. லைட் மட்டும் மாறவில்லை.

அடுத்து, சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தல். பச்சை ஒயரில் ஃபியூஸிலிருந்து கரண்ட் வரும். ஊதாக் கோடு போட்ட பச்சை ஒயர் பின் லைட்டுக்குப் போகும். தொட்டதும் இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. ஆக ஃபியூஸ், பல்பு, எர்த் எல்லாம் சரி. (இதற்கெல்லாம் இக்னிஷன் போட்டே வைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் சூடேறிக் கெடும்; காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.)

பலர் ஏமாறும் இடம் இனிதான். மல்டிமீட்டரை பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் அளவில்) வைத்துப் பெடலை மிதித்தால் மீட்டர் கூவும். உடனே ‘சுவிட்ச் நல்லது’ என்று விட்டுவிடுவார்கள். பல மீட்டர்கள் 20, 30 ஓம் இருந்தாலும் கூவும். ஓம் அளவில் வைத்தபோது இந்த சுவிட்ச் 0.9 காட்டியது, பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 21 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். ஒயர்களை மாட்டி, பல்பு எரியும்போதே சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையில் வோல்ட் பார்த்ததில் 2.7. உள்ளே வந்தது 12.1, பல்புக்குப் போனது 9.4. நல்ல சுவிட்சில் இந்த இழப்பு 0.2க்கு மேல் போகக் கூடாது.

பழைய சுவிட்சை வெட்டித் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: செம்புத் தகட்டில் இரண்டு கரும்புள்ளிகள், நடுவில் குழி. டையஃபிரம் முழுசாக இருந்தது. கெடுத்தது ஆயில் அழுத்தம் அல்ல, கரண்ட். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தீப்பொறி.

லைட் அணையாமலே எரிந்தால் சோதனை வேறு. சுவிட்ச் ஒயரைக் கழற்றியதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மாட்டி, வீலில் காற்று எடுக்கும் திருகான பிளீடு நிப்பிள் ஒன்றைத் திறக்க வேண்டும். அப்போது அணைந்தால் லைனில் அழுத்தம் தேங்கியிருக்கிறது. பெடலின் தள்ளலைக் கடத்தும் கம்பியான புஷ்ராடில் இடைவெளி இல்லை, அல்லது ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. அணையாவிட்டால் சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டன. முனைகளின் ஓரத்தில் ஆயில் கசிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே மாற்ற வேண்டும். அது பிரேக் ஆயில் ஒழுக்கு.

மாற்றும்போது பெடலை ஓர் அங்குலம் இறக்கி, இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கப் ரப்பர் ஆயில் இறங்கும் துளையைத் தாண்டி நிற்பதால் ஆயில் வடியாது. முட்டுக் கொடுத்த பிறகு ஒரு நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டு மூட வேண்டும், இல்லையேல் சுவிட்சைத் தளர்த்தும்போது ஆயில் முகத்தில் பீச்சும். மரை 1/8 அங்குலம், கூம்பு வடிவம். வாஷர் வேண்டாம், டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம், பிய்ந்த துணுக்கு லைனுக்குள் போய்விடும். இறுகியதும் நிறுத்த வேண்டும், பித்தளை பிளந்துவிடும். பிறகு டாட் 4 ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தாயிற்று.

புது சுவிட்சும் அதே கதிக்குப் போகாமல் இருக்க நாலு முனை ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். சுவிட்சிலிருந்து வரும் ஒயர் 85க்கு, 86 எர்த்துக்கு, ஃபியூஸ் பச்சை 30க்கு, ஊதாக் கோட்டுப் பச்சை 87க்கு. இனி சுவிட்ச் வழியே ஓடுவது ரிலே காயிலின் 0.15 ஆம்பியர்தான். காயில் அணையும்போது எழும் மின்துடிப்பை விழுங்க அதற்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரே பக்கம் விடும் பாகம்). கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். இந்த வண்டியில் பாசிட்டிவ் என்றால் எர்த், அதாவது 86. நெகட்டிவ் எர்த் வண்டிக்கான படத்தைப் பார்த்து வழக்கம்போல மாட்டினால் முதல் மிதியிலேயே டயோடு போகும்.

இப்போது பல்பில் 12.0 வோல்ட், ஒரு விரலால் தள்ளுகிற அளவு மிதிக்கே லைட் வருகிறது. பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து சுவிட்சைச் சுற்றிக் காகிதம் ஒற்றியதில் ஈரமில்லை. மூன்று நாள் கழித்து சுவிட்சின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தபோதும் உலர்ந்தே இருந்தது.