முருங்கை இலைச் சாற்றில் பச்சையம்: கரிக்கு முன்னால் தண்ணீர்

இலைச்சாறு பச்சையாக இருக்கிறதே என்று உடனே கரித்தூளைக் கொட்டிவிடுவது பல லேபுகளில் வழக்கம். முருங்கையில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தட்டையான வளையங்கள் உள்ள மூலக்கூறுகளைக் கரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பச்சையம் அந்த ரகம். நாம் தேடுகிற குவெர்செட்டின், கேம்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகளும் (தாவரப் பாலிஃபீனால் சேர்மங்கள்) அதே ரகம். நிறத்தோடு சரக்கும் போய்விடும்.

பச்சையத்துக்கு ஃபைட்டால் என்ற நீண்ட கொழுப்பு வால் உண்டு, தண்ணீரில் கரையாது. சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். பிரிப்பதற்கு இதுவே பிடி.

நிழலில் உலர்த்திய இலைப்பொடி 50 கிராமை 70% எத்தனால் 500 மி.லி.யில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். ரோட்டாவேப்பில் (வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் 150 மி.லி. வரை சுண்டவிடுங்கள். சோப்புபோல நுரைக்கும் சபோனின் இருப்பதால் நுரை பொங்கும்; வெற்றிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஆல்கஹால் குறையக் குறைய, குடுவைச் சுவரில் கரும்பச்சைப் பிசின் தார் மாதிரி ஒட்டும். அதுதான் பச்சையம். ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் மிச்சமும் இறங்கும். வெறும் ஃபில்டர் பேப்பர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். புக்னர் புனலில் (வெற்றிடத்தால் உறிஞ்சி வடிகட்டும் புனல்) ஒரு செ.மீ. செலைட் (வடிகட்ட உதவும் நுண்பொடி) படுகை போட்டு வடிகட்டுங்கள். சர்க்கரை ஒட்டாத குவெர்செட்டின் கொஞ்சம் இந்தக் கசடோடு போகலாம். அதுவும் வேண்டுமென்றால் கசடை எறியாதீர்கள்.

வடிநீரைப் பிரிபுனலில் ஊற்றி, தண்ணீரோடு கலக்காத, கொழுப்பைக் கரைக்கும் ஹெக்சேனால், முறைக்கு 50 மி.லி. வீதம் மூன்று முறை கழுவுங்கள்; மிச்சப் பச்சையம் மேலே நிற்கும் ஹெக்சேனுக்குப் போகும், கீழே உள்ள நீர் அடுக்கை வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி அறைக்குள், தீ அண்டாத இடத்தில். குலுக்கவே கூடாது, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் நடுவில் பால்போல ஒரு அடுக்கு நின்று மணிக்கணக்கில் பிரியாது. அப்படி ஆகிவிட்டால் ஒரு சிட்டிகை உப்போ சில மி.லி. எத்தனாலோ சேருங்கள்.

காரம் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு பட்டால் வால் அறுந்து, பச்சையம் தண்ணீரில் கரையும் குளோரோஃபிலினாகிவிடும். அப்புறம் ஹெக்சேனுக்கு அது வராது. அமிலம் பட்டால் மக்னீசியம் கழன்று சாறு ஆலிவ் நிறமாகும். பச்சை மறைந்ததால் பச்சையம் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள், ஃபியோஃபைட்டினாக உள்ளேயேதான் இருக்கும்.

சோதிக்க 365 நானோமீட்டர் யூவி டார்ச் போதும். சாற்றில் நேராக அடித்தால் ஏமாற்றும். தண்ணீரில் பச்சையம் திரண்டு நிற்பதால் ஒளிராது. நான்கு சொட்டு எடுத்து இரண்டு மி.லி. எத்தனாலில் விட்டு, இருட்டில் அடியுங்கள். ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தால் இன்னொரு முறை ஹெக்சேன். சிவப்பு இல்லை, பழுப்பு மட்டும் என்றால் அது பாலிஃபீனால்களின் நிறம், அதைத் தொடாதீர்கள்.